கட்டைக்காரரின் மூக்கு

தெருவில் கடைசி வீடு அவர்களுடையது. அதற்கு அப்புறம் முட்புதர் மண்டிய சரிவு, சரிவுக்குக் கீழே ஆறு. வெள்ளம் வடிந்ததும் ஆறு கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் வேர்களையும் கிளைகளையும் பொறுக்கி வந்து, பதமாக்கி, வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அந்த வீட்டுக்காரரின் பிழைப்பு. எல்லாரும் அவரைக் கட்டைக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அவர் மனைவிக்குக் கட்டைக்காரம்மா என்று பெயர் விழுந்ததில் அவளுக்குத் துளியும் சம்மதமில்லை. "கட்டையில போறவரைக்கும் இந்தப் பேரு என்னை விடாது போல" என்பாள்.

சும்மா கிடக்கிற மரத்தை எடுத்து வந்து விற்கிறான், இது ஒரு வேலையா என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் கொல்லைப்புறம் வந்து நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். கொண்டுவந்த மரத்தில் பட்டை துணுக்குக்கூட இருக்கக் கூடாது. தண்ணீருக்குள் அது அழுகி நாறும். திருப்புளியால் குத்திப் பார்த்து, மெத்தென்று உள்ளே இறங்குகிற இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எறிய வேண்டும். ஈரப் பச்சை போகாத மரம் ஆகாது. பிசின் உள்ள மரம் ஆகவே ஆகாது. மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு கிட்டே வரக் கூடாது. துணி துவைத்த வாளியை ஒருமுறை அவள் மறதியாக ஊறல் தொட்டியில் விட்டுவிட்டாள். அதற்காக ஊறிக்கொண்டிருந்த மரம் அத்தனையையும் வெளியே எடுத்துப்போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்த மனிதர் அவர். அவளோடு இரண்டு நாள் பேசவும் இல்லை.

அதற்கப்புறம் வேகவைப்பது. செங்கல் அடுப்பின் மேல் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. கொதிக்கக் கொதிக்க மரம் சாயத்தை விட்டுத் தண்ணீர் டிகாஷன் மாதிரி கறுத்துப்போகும். பூச்சியும் அதன் முட்டையும் பூசணமும் அந்தக் கொதியில்தான் சாக வேண்டும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், மறுபடி கொதி. பிறகு சிமெண்ட் தொட்டியில் போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்து ஊறவிட வேண்டும். மிதக்கிற மரம் மூழ்கப் பழகும்வரை, தண்ணீர் வெளுக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். சில வேர்கள் ஒரு மழைக்கு உள்ளே போய் அடுத்த மழைக்குத்தான் வெளியே வரும். தண்ணீர் மாற்றுகிற வேலை அவளுடையது. இடுப்பு விட்டுப்போகும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதல் வேலையை மூக்கு பார்த்துவிடும். ஆற்றங்கரையில் ஒரு துண்டை எடுத்ததும் கத்தியால் கீறி, கீறின இடத்தில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். "இது பிசின்." தூக்கி எறிவார். "இதுல யாரோ பெயிண்ட் டப்பாவைக் கழுவியிருக்கான்." அதையும் எறிவார். உள்ளே ஊறிய எண்ணெயையும் மருந்தையும் எத்தனை கொதி கொதித்தாலும் எடுக்க முடியாது, எடுக்காமல் விட்டுவருவதுதான் ஒரே வழி என்பார். "நாயாப் பொறக்க வேண்டியவரு, கொஞ்சத்துல தப்பிச்சுட்டாரு" என்று அவள் கேலி செய்வாள். அவருக்கு அதில் பெருமைதான்.

அவளுடைய தங்கைக்குப் பிரசவம் சிக்கலாகி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அவள் அங்கே போய் இருக்கும்படி ஆயிற்று. நடுவில் இவருக்குக் காய்ச்சல் கண்டது. போனில் கேட்டால், "காய்ச்சல்தான், என்ன பெரிசா. படுத்தா விட்டுடும். நீ குழந்தையைப் பாரு" என்றார். அவள் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்ததே தவிர, ஆள் நடமாடிக்கொண்டிருந்தார். கொட்டகையில் புதிதாக மரம் வந்திருந்தது. அண்டா கரி ஏறிக் கிடந்தது. வேலை நிற்கவில்லை என்று அவளுக்கு நிம்மதி.

வந்த அன்றே பருப்பு அடிப்பிடித்துவிட்டது. பயணக் களைப்பில் அடுப்படியில் நின்றபடியே அசந்துபோயிருந்தாள். சாதாரணமாக இதற்கு வீடு இரண்டாகும். எண்ணெய் கொஞ்சம் பழசாக இருந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற மனிதர். அன்றைக்கு நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

"என்னது நல்லா இருக்கு? கருகிப்போச்சுங்க."

"பரவால்ல. நீ செஞ்சதாச்சே."

அவளுக்கு வெட்கமே வந்துவிட்டது. கொஞ்ச நாள் பிரிந்து இருந்தால் அருமை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவர் எதற்கும் குறை சொல்லவில்லை. ஒரு நாள் காலை அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது பால் தீய்ந்த நாற்றம் வந்து ஓடினாள். பாத்திரத்தின் அடி கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துலயே உட்கார்ந்திருக்கீங்க, அணைக்கக் கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவளை, பிறகு அடுப்பை. "கவனிக்கலை" என்றார். குரல் என்னமோபோல இருந்தது. பாத்திரம் பாழான எரிச்சலில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

தட்டுக்காரர் போன் செய்தது அதற்கு அடுத்த நாள் மத்தியானம்.

தட்டுக்காரர் கட்டைக்காரருக்கு இளவயதுச் சிநேகிதர். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர். தட்டுப்போல் வட்டமாக, தட்டையாக இருக்கும் மீன் என்பதால் அவருக்கும் அந்தப் பெயர். லேசில் வளராத மீன் அது. தண்ணீரில் சிறு மாறுதல் இருந்தாலும் கறுத்து மூலையில் ஒதுங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அவர் ஒரு ஜோடியைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார். அது முட்டையிடும், முட்டையைத் தானே தின்றுவிடும். மறுபடி இடும், மறுபடி தின்னும். இந்த முறைதான் பொரிந்து, குஞ்சுகள் நீந்த ஆரம்பித்திருந்தன. ஆள் நிழல் பட்டாலே தாயும் தகப்பனும் மிரளுகின்றன, மறைவாக நிற்க ஒரு நல்ல கட்டை கொடு என்று அவள் ஊரில் இல்லாதபோதே கேட்டு வாங்கிப்போய், குஞ்சுகள் நீந்தட்டும் என்று காத்திருந்து, முந்தின நாள்தான் தொட்டிக்குள் வைத்திருந்தார்.

போனில் அவர் பேசியது அவளுக்கே கேட்டது. "டேய், என்னமோ ஆகுதுடா. சீக்கிரம் வா."

இருவரும் ஓடினார்கள். தட்டுக்காரர் வீட்டு முன்னறை முழுவதும் தண்ணீர். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தொட்டித் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாளி வாளியாகப் பக்கத்து அறையில் முன்பே பிடித்து நிறுத்திவைத்த தண்ணீரைத் தூக்கி வந்தாள்.

"காலையில தின்னுச்சுடா. நல்லாத்தான் தின்னுச்சு. பத்து மணிக்கு மேல ரெண்டும் கறுக்க ஆரம்பிச்சுது" என்றார் தட்டுக்காரர். "காத்து பத்தலையோன்னு இன்னொரு மோட்டாரும் போட்டேன்."

பெரிய மீன்கள் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் அதற்கு முன் வந்தபோது அவை நல்ல செம்மண் நிறத்தில், நீலக் கோடுகளோடு இருந்தன. இப்போது கரித்துண்டு. குஞ்சுகளைத் தேடினாள். இந்த மீனின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் ஊறுகிற வழுவழுப்பைத்தான் தின்று வளரும். இரண்டு பக்கமும் ஈ மொய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டே திரியும். அவை இப்போது பிடி விட்டுப்போய்த் தண்ணீரில் தூசிபோல் மிதந்தன. ஒன்றிரண்டு மட்டும் அந்தக் கறுத்த உடம்பைத் தேடித் தேடிப் போய் முட்டின.

"கட்டையை எடு முதல்ல" என்றார் கட்டைக்காரர்.

"கட்டையை எதுக்கு? உன் கட்டைதானே?"

"எடுறா."

எடுத்தார்கள். எடுத்த இடத்தில் தண்ணீரின் மேல் மெல்லிய படலம் ஒன்று வானவில் நிறத்தில் விரிந்து நகர்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தட்டுக்காரர் பேப்பரைப் போட்டு அந்தப் படலத்தை ஒற்றி எடுத்தார். அது மறுபடி வந்தது. விஷத்தை உறிஞ்சட்டும் என்று கரித்தூள் பையைப் போட்டார்கள். வேறு தொட்டியில் தண்ணீர் தயார் செய்து, சூடு ஒத்துவருகிறதா என்று கையை விட்டுப் பார்த்து, மீன்களை இரண்டு கைகளாலும் அள்ளி மாற்றினார்கள். அவள் வாளியைச் சுமந்தாள், கீழே சிந்தியதைத் துடைத்தாள், யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று நின்றாள். செய்ய வேலை இருந்தவரைக்கும் தேவலை. பிறகு வேலையும் தீர்ந்துபோயிற்று. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றுமில்லை.

முதலில் பெட்டை சாய்ந்தது. தட்டுக்காரர் விரலால் அதை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாகத் தண்ணீரில் தள்ளினார், செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று. விட்டால் சாயும். பிடித்தார். விட்டார். வெயில் இறங்கும்வரை அதைச் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி, "விடுங்க, போதும்" என்று சொல்லி அவர் கையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

வீடு திரும்பும்போது கட்டைக்காரர் அந்தக் கட்டையைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

விடிந்ததும் கொட்டகையைப் பெருக்கப் போனவள், ரம்பத்தால் அறுத்த மறுபாதி மூலையில் கிடப்பதைப் பார்த்தாள். தட்டுக்காரரின் தொட்டிக்குள் அடங்குவதற்காக அவர் அறுத்த துண்டு. வெளியே பார்க்க அழகான மரம். ஆற்றுத் தண்ணீர் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறத்தில், வரி வரியாக. எடுத்து ஓரமாக வைக்கத்தான் குனிந்தாள். அறுத்த முகத்திலிருந்து வந்த நாற்றம் முகத்தில் அடித்தது. தார் நாற்றம். வேலிக்கால்களைக் கரையான் அரிக்காமல் இருக்கப் பூசுவார்களே, அந்தக் கறுப்பு எண்ணெய். எந்த வேலியிலிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்த கால். வெளியில் இருந்ததை ஆறு கழுவிவிட்டது, உள்ளே இருந்தது அப்படியே இருக்கிறது. ஆகாது என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இதை மோந்து பாத்தீங்களா?"

அவர் திரும்பவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன். வேகவெச்சப்போ நாறலையா? அறுத்தப்போ நாறலையா? தெருமுனைவரைக்கும் நாறியிருக்குமே!"

"மோந்து பாத்தேன்."

"அப்புறம்?"

"ஒண்ணும் வரலை. எதுலயும் வரலை. காய்ச்சல் விட்டதுலேர்ந்து" என்றார்.

அவளுக்குக் கருகின பருப்பும் தீய்ந்த பாலும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அந்த ஒரு வாரத்துக்கு அவள் வைத்திருந்த அர்த்தம் பொத்தென்று விழுந்தது.

"சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சளின்னு நினைச்சேன். இன்னைக்கு வந்துடும், நாளைக்கு வந்துடும்னு... கட்டையைக் கண்ணால பாத்தேன், தட்டிப் பாத்தேன், குத்திப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. இத்தனை வருஷம் பாத்த கண்ணாச்சே, தப்பாதுன்னு நினைச்சுட்டேன்." பிறகு சின்னக் குரலில், "சொன்னா நெசமாயிடும்ல?" என்றார்.

அவள் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, கையிலிருந்த துண்டைக் கொண்டுபோய்க் கோணியில் சுற்றி வெளியே வைத்தாள்.

அன்றே இருவரும் தட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். ஆண் மீனும் விடிகாலையில் போய்விட்டிருந்தது. தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தட்டுக்காரர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். கட்டைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சலிலிருந்து ஆரம்பித்து, வேலிக்கால்வரை ஒன்றையும் விடாமல்.

தட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அந்தக் கட்டையை நான் மோந்துகூடப் பாக்கலடா" என்றார். "நீ மோந்து பாத்த மரத்தை நான் எதுக்கு மோந்து பாக்கணும்? அப்படியே உள்ள வெச்சேன்."

"என்னைத் திட்டு."

"என்னன்னு திட்டறது?"

"என்னத்தையாவது சொல்லித் திட்டுறா. இப்படி உட்காராதே."

"நீ வேணும்னு செஞ்சிருந்தா உன் சட்டையைப் பிடிப்பேன். அலட்சியமா செஞ்சிருந்தா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். இப்ப நான் யாரோட சண்டை போடறது? அந்தக் காய்ச்சலோடவா?" தட்டுக்காரர் வெயிலில் கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்தார். "சண்டை போட்டாலாவது மனசு ஆறும். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டியேடா."

கட்டைக்காரம்மா ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்து, "அண்ணா" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். இருவரும் கிளம்பி வந்துவிட்டார்கள். அவர்கள் தெரு திரும்பும்வரை தட்டுக்காரர் மனைவி வாசலில் நின்றாள். தட்டுக்காரர் வெளியே வரவில்லை.

அவள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இளவயதுக்காரர். விளக்கை அடித்து மூக்கின் உள்ளே பார்த்தார். பஞ்சில் ஏதோ நனைத்துக் காட்டினார். "சதை எல்லாம் சுத்தமா இருக்கு. நரம்பு அடிபட்டிருக்கு. சில காய்ச்சல்ல இப்படி ஆகும்" என்றார்.

"எப்ப சரியாகும் டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"தானா வரலாம். கொஞ்சம் கொஞ்சமா வரலாம். வராமலும் போகலாம்."

"மாத்திரை, ஊசி?"

"இதுக்குன்னு தனியா மருந்து இல்லம்மா. வாசனை அழுத்தமா இருக்கிற பொருளாப் பாத்து தினமும் காலையும் சாயங்காலமும் மோந்து பாக்கச் சொல்லுங்க. நரம்புக்கு ஒரு பயிற்சி." பிறகு தேறுதலாக, "இதனால உடம்புக்கு ஒண்ணும் ஆபத்தில்லை. பயப்படாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் கட்டைக்காரர் சிரித்தார். "ஆபத்தில்லையாம். கண்ணு போயிருந்தா ஒரு கம்பாவது கொடுப்பாங்க. காது போயிருந்தா மிஷின் வைப்பாங்க. மூக்கு போச்சுன்னா என்ன இருக்கு? சொன்னாக்கூட, நல்லதாப் போச்சு, சாக்கடை நாத்தம் தெரியாதும்பாங்க."

இருந்தாலும் அவள் விடவில்லை. காபித்தூள், எலுமிச்சை, கிராம்பு, சந்தன சோப்பு, மண்ணெண்ணெய் நனைத்த துணி என்று வரிசையாக எடுத்து வைத்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். "கண்ணை மூடுங்க. பாக்காம சொல்லுங்க."

"இது?"

"தெரியல."

"இது?"

"தெரியல."

"நல்லா இழுத்துப் பாருங்க."

"இழுக்கறேன்டி. காத்துதான் வருது."

தினமும் இதே பாட்டு. சில நாள் அவர் சும்மா ஒரு பெயரைச் சொல்லிவைப்பார், அவள் முகத்துக்காக. ஒரு நாள் காலை, மூடின கண்ணோடு, அவள் நீட்டியதும் பட்டென்று, "எலுமிச்சை" என்றார்.

அவள் கத்தியேவிட்டாள். "ஆமாங்க! எலுமிச்சைதான்! வந்துடுச்சு பாருங்க, வந்துடுச்சு!" அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர்.

அவர் கண்ணைத் திறக்க நேரமாயிற்று. "இல்ல" என்றார். "ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தியா? மூக்கு நுனியில சில்லுன்னு பட்டுச்சு. அதான் சொன்னேன்."

அவள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நாள் அவளே அவருக்கு மூக்காக இருந்து பார்த்தாள். அவர்தான் சொன்னார், நீ மோந்து பார்த்துச் சொல்லு, நான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். ஒரு துண்டைக் கீறி அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"என்ன வாசனை?"

"மரம் வாசனை."

"எந்த மாதிரி மரம்?"

"மரம் மாதிரி மரம். வேற எப்படிச் சொல்றது?"

"பிசின் இருக்கா?"

"பிசின் வாசனை எப்படி இருக்கும்?"

அவர் சொல்ல வாயெடுத்தார். கைகளை விரித்தார். "அது... பிசின் மாதிரி இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இருவரும் மணலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் மரத்தை மோந்து அவர் சேர்த்துவைத்தது எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. அதை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க ஒரு சொல்கூட இல்லை. தார், மண்ணெண்ணெய், பெயிண்ட் என்று ஓங்கி அடிக்கிற நாற்றம் அவளுக்கும் தெரியும். வயல் பக்கமிருந்து ஆறு அடித்துவந்த மரத்தில் லேசாக ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து வாடை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்று நினைத்தால் இருக்கிறது, இல்லை என்று நினைத்தால் இல்லை.

மீன்கடைக்காரர் வழக்கம்போல் வேனோடு வந்தார். பல ஊர்க் கடைகளுக்கு இங்கிருந்து கட்டை எடுத்துப்போகிறவர் அவர். தட்டுக்காரர் வீட்டு விஷயம் அவர் காதுக்குப் போகவில்லை. அது தட்டுக்காரரின் பெருந்தன்மை. கடைக்காரர் நேராகக் கொல்லைக்கு வந்து ஊறல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடடா, இந்தத் தடவை நல்ல நல்ல வேரா இருக்கே! தண்ணியும் தெளிஞ்சுடுச்சு. எடுத்துக்கலாமா?"

கட்டைக்காரரும் தொட்டிக்குள் பார்த்தார். தொட்டியில் கிடந்ததில் பாதி காய்ச்சலுக்கு முன்னால் வந்தது, பாதி பின்னால் வந்தது. பிரித்து அடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? எல்லாம் ஒன்றாக ஊறி, ஒன்றுபோல் கறுத்துக் கிடந்தது. முந்தின வாரம் அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். ஈர மரத்தின் வாசனைதான் எல்லாவற்றிலும்.

"என்ன யோசனை? ஆளைக் கூப்பிட்டு ஏத்தவா?" என்றார் கடைக்காரர். "நீங்க கொடுத்தா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவேன். உங்களுக்குத் தெரியாததா?"

கட்டைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. சரி என்று அவள் தலையை ஆட்டினால் போதும். வேன் நிறைந்துவிடும், அடுப்பு எரியும். அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாக எல்லா மரமும் நல்ல மரம்தான். அவள் தொட்டியைப் பார்த்தாள். தட்டுக்காரர் அந்த மீனை நிமிர்த்திப் பிடித்ததும் அது சாய்ந்ததும்தான் கண்ணில் நின்றது.

"இல்லைங்க" என்றாள். "நல்லதா கெட்டதான்னு எங்களுக்குத் தெரியல."

"என்னம்மா சொல்றீங்க?"

"தெரியலைங்க. அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வேற இடம் பாத்துக்குங்க."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வீட்டுச் சண்டை என்று எண்ணிக்கொண்டார் போலும். "சரி, அடுத்த வாரம் போன் பண்றேன்" என்று சொல்லிக் கிளம்பினார். வேன் காலியாகத் திரும்பிப்போகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்படவில்லை. நன்றாகச் சொன்னாய் என்றும் சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய், இன்னும் வேகவைக்காமல் காயப்போட்டிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். மான் கொம்பு மாதிரி கிளைத்த வேர், குகைபோல் உட்குடைந்த அடிமரம், கை விரித்ததுபோல் ஒன்று. ஒவ்வொன்றையும் எந்த வளைவில் எடுத்தது, யாருக்கு ஆகும் என்று அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் அண்டாவுக்குக் கீழே அடுக்கினார். அண்டாவில் தண்ணீர் ஊற்றவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"எரிக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எதை விடச் சொல்றே? நீயே சொல்லு, எதை விடட்டும்?"

அவர் தீ வைத்தார். ஆற்று மரம் லேசில் பற்றாது, முதலில் புகைந்தது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் அடித்தது. புகை திரண்டு கொல்லை முழுக்கப் பரவியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றுச் சுவர்வரை பின்வாங்கினாள். அவர் நகரவில்லை. புகை நேராக அவர் முகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் வாங்க! என்ன மரமோ என்ன மருந்தோ! புகைக்குள்ள நிக்காதீங்க!"

அவர் இருமினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகியது. வரவில்லை. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார். பல நாளாகக் காணாத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது.

"எரியுதுடி" என்றார். "வாசனை ஒண்ணும் வரலை, ஆனா மூக்குக்குள்ள எரியுது. உனக்கும் எரியுதுல்ல?"

"எரியுதுங்க."

"எனக்கும் எரியுது" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு மூச்சு ஆழமாக இழுத்தார்.